சாமிக்கு வைத்த அரிசி

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதே அதில் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆதரவில்லாத வீடுகளுக்குப் போய்ச் சேரும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதில் தவறியதே இல்லை. ஜுரத்தில் கிடந்தபோதும் வீட்டுக்காரரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, சின்னப் பிடி போட்டாரா பெரிய பிடி போட்டாரா என்று படுத்தபடியே விசாரித்தவள் நான். ஆனால் அந்தப் பிடியைப் போடும்போது கர்த்தரை நினைத்தாயா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. பல் விளக்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

நான் நெஞ்சு வலிக்க ஜெபித்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். என் மருமகளின் அப்பா எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்க வேண்டும்.

மகனும் அவளும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவளுடைய வீட்டார் நிலபுலத்தோடு வாழ்கிற இந்துக் குடும்பம். எங்கள் தாத்தாமார்கள் அப்படிப்பட்டவர்களின் காட்டில் கூலி வேலை செய்தவர்கள், பிறகு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள். இன்றைக்கு எங்களுக்கும் கொஞ்சம் காடு இருக்கிறது, மகனுக்கு மாதச் சம்பளம் வருகிறது. தண்ணீர் விஷயம் மட்டும் அதற்கெல்லாம் மசியவில்லை.

சம்மந்தி கெட்டவர் இல்லை. பெண் வேண்டாம் என்று தலைமுழுகவும் இல்லை. பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி கொண்டுவரும் நாட்களில் திரும்பும் வழியில் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவார். ஒரு பை காய்கறியை மகள் கையில் கொடுப்பார், முகத்தைப் பார்ப்பார், கிளம்பிவிடுவார். “தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றால், “இப்பத்தாங்க குடிச்சேன்” என்பார். அவர் சொன்னதை நம்புவதாக இருந்தால் அந்த மனிதர் வழிநெடுகத் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் வந்திருக்க வேண்டும். அவர் போன பிறகு மருமகள் கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவுவாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

அவள் முழுகாமல் இருந்து, வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு தங்கியிருந்த சமயம் அது. ஒரு நாள் மத்தியானம் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மந்தி உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்ததே புதுசு. மகள் மாசமாக இருக்கும் சேதி அவரை அந்த அளவுக்கு இளக்கியிருந்தது. நானும் ஆசையாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

உள்ளே போனால் அடுப்பில் சோறு கொதிக்கிறது. எனக்குத் திக்கென்றது. வீட்டில் அரிசி முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. சாயங்காலம் கடைக்குப் போய்க்கொள்ளலாம் என்று காலையில் களி கிண்டி மூடி வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போயிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். பிடி அரிசி டப்பா மூடி திறந்து காலியாகக் கிடந்தது. போன ஞாயிறுதான் கொடுத்துவிட்டு வந்ததால் அதில் இருந்ததே சில பிடிதான். அதையும் மருமகள் வழித்து உலையில் போட்டிருந்தாள்.

“அது கோயிலுக்கு வெச்சதுன்னு உனக்குத் தெரியாதா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். வாசலில் ஆள் இல்லாவிட்டால் ஊருக்கே கேட்டிருக்கும்.

“தெரியுங்க அத்தை. அப்பா முதல்தடவையா உக்காந்திருக்காரு, களியைப் போட்டா நல்லா இருக்குமா? சாமிக்கு வெச்சதுதானுங்க? எங்க வூட்லயும் சாமிக்குப் படைச்சத எடுத்துத்தான எல்லாரும் சாப்புடுவோம்” என்றாள்.

எனக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது என்றே தெரியவில்லை. எங்கள் பிடி அரிசி படையல் இல்லை. அது இல்லாதவர்களுக்குப் போகிற தர்மம். தோட்டமும் வண்டியும் வைத்திருக்கிற மனிதரின் தட்டில் அதைக் கொட்டுவதற்கு எந்தப் பாதிரி ஐயரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

“அப்பா, சாமிக்கு எடுத்து வெச்ச அரிசிங்கப்பா. ஒரு வாயி சாப்பிட்டுட்டுப் போங்க.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மந்தி வீட்டுச் சோறு வேண்டாம் என்று சொல்ல அவரிடம் நூறு காரணம் இருந்திருக்கும். சாமிக்கு வைத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. தலைத்துண்டை அவிழ்த்தார். செருப்பைக் கழற்றினார். நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. பிரசங்கத்தில் பைபிள் அதிகாரத்தை மாற்றிச் சொன்னால் ஐயரையே வாசலில் மடக்கித் திருத்துகிற ஆள் நான். ‘அப்படியெல்லாம் இல்லீங்க, இது வேற’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எழுந்துவிடுவார். சொல்லாமல் நின்றேன். கர்த்தருக்கு என்று நான் எடுத்து வைத்ததை அந்தக் கர்த்தர் யாருக்குக் கொடுத்தால் எனக்கென்ன?

மருமகள் தட்டு வைத்துச் சோற்றைப் போட்டு மொச்சைக் குழம்பை ஊற்றினாள். அவர் முதல் கவளத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டார். எத்தனையோ கூட்டங்களில் கையை உயர்த்தி அழுதிருக்கிறேன். ஆனால் தேவன் இத்தனை பக்கத்தில், குழம்புச் சட்டிக்கும் எனக்கும் நடுவில் நிற்கிற மாதிரி, ஒரு நாளும் இருந்ததில்லை. சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், சுத்தமாக இருந்த அடுப்பு மேடையைத் துடைத்தேன்.

சில பிடி அரிசியில் எவ்வளவு சோறு வரும்? தட்டு சீக்கிரம் காலியானது, பானையும் காலி. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் செம்பில் தண்ணீரோடு, அவர் கை கழுவ எழுந்திருப்பார் என்று நின்றேன். இந்த மட்டுக்கும் நடந்ததே பெரிசு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. மூடி வைத்திருந்த குண்டானைப் பார்த்தார்.

“அதுல என்னங்க, களியா?”

“ஆமாங்க சம்மந்தி.” அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எப்போது நின்றது? “ஆனா அது சாமிக்கு வெச்சது இல்லீங்க. எங்களுக்குன்னு கிண்டுனதுங்க.”

அவர் எச்சில் கையால் தட்டை என் பக்கமாக நகர்த்தினார்.

“போடுங்க” என்றார்.