பூனைக்குத் தந்த ஊசிமருந்து

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை சாப்பாட்டை விட்டதும் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மகன்மார் இருவரும் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏறாவூரில் என்னுடைய சீதன வீட்டில் மிஞ்சியது நானும் என் கணவரும் அந்தப் பூனையும்தான். மற்ற இருவரில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது பூனை மட்டும். மீன்காரனின் சைக்கிள் தெருமுனைக்கு வருமுன்பே வாசலில் போய்க் குந்திக்கொள்ளும் அது, மணலை மீனை மூக்கருகே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தடவினால் எலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

டவுனில் இருக்கும் மிருக வைத்தியரிடம் கூடையில் வைத்துக் கொண்டு போனேன். கணவர்தான் தன் ஓட்டோவில் ஏற்றிப் போனார். கட்டாரில் பல வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்தவர், இப்போது காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறார். எங்கள் மூத்த பேத்தியும் அதில்தான் போகிறாள். வைத்தியர் பூனையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். குடல் பழுதாகியிருப்பதால் விட்டமின் பி சத்து சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேரவில்லை, வாரம் ஒருமுறை ஊசியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து எப்படிக் குத்துவது என்று எனக்குக் காட்டியும் தந்தார்.

"நரம்புக்கும் இது நல்லம். சோர்வு போயிரும்" என்றார் அவர். குப்பிக்குள் மருந்து சர்பத் மாதிரிச் சிவப்பாக இருந்தது.

வரும் வழியெல்லாம் என் மனிசன் என்னைக் கிண்டலடித்தார். "பூனைக்கு விட்டமின். நாளைக்குக் கண்ணாடியும் போட்டுக் குடுப்பாய் போல." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், இருந்தும் மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கிற மனிதருக்கு நோயாளியைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது? அதையே சொன்னேன்.

ஊசி போடத் தொடங்கியதும் பூனை தேறிற்று. முதலில் மீன் ஆணத்தை நக்கியது, பிறகு மீனையே தின்றது. நான் சந்தோஷத்தில் அயல்வீடுகளுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் குப்பியில் மருந்து குறைகிற வேகம் எனக்குப் பிடிபடவில்லை. மூடி ஒழுகுகிறதோ என்று கவிழ்த்துப் பார்த்தேன். வாங்கும்போதே அரைக் குப்பியைத்தான் தந்துவிட்டார்களோ என்று பாவம் அந்த வைத்தியரையும் மனதுக்குள் திட்டினேன்.

ஒருநாள் அஸர் தொழுகைக்கு முன்னால் கடைக்குப் போனவள் பணப்பையை மறந்து பாதியில் திரும்பி வந்தேன். குசினிக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் கணவர் கதிரையில் சாரனைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு இருந்தார். தொடையில் ஊசி. முன்னால் பூனை குந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர்ப் பொடியன்கள் போதையில் கெட்டுப்போகிற கதைகளைத் தினம் கேட்கிறோம். அறுபத்திரண்டு வயது மனிதர், பேரப்பிள்ளை கண்டவர், இந்த வயதில் இதுவா? யா அல்லாஹ் என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பிறகுதான் மேசையில் அந்தச் சிவப்புக் குப்பியைக் கண்டேன்.

"கத்தாத புள்ள, அயல்ல கேக்கும்" என்றார், ஊசியை இழுத்தபடி. "டொக்டர்தானே சொன்னாரு, நரம்புக்கு நல்லமெண்டு."

"அது பூனைட நரம்புக்கு!"

"நரம்பெல்லாம் ஒண்டுதானே."

"உங்களுக்கென்ன நரம்புல?"

அவர் தரையைப் பார்த்தார். கேட்டுக் கேட்டுத்தான் வார்த்தை வந்தது. "கால் ரெண்டும் விறைப்பு, தொட்டாலும் தெரியாது. கொஞ்ச நாளா இல்ல, கனநாளா. அண்டைக்குத் தொழப் போன பள்ளியில ஒரு செருப்பை ஆரோ எடுத்திட்டாங்க எண்டு சொன்னனே, அது பொய். ஒண்டு வழியில கழண்டு விழுந்திட்டு. வீட்ட வந்து பாத்தாப் பிறகுதான் கண்டன்."

அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு வந்து நின்றவரைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவருடைய கூட்டாளி ஒருவர் காலில் புண்ணோடு போய், முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்தாராம். "போனா வெட்டிருவாங்க" என்றார், சின்னப் பிள்ளையைப் போல.

அப்போதுதான் எனக்கு மற்றது உறைத்தது.

"இந்தக் காலாலயா பிரேக் மிதிக்கிறீங்க? புள்ளைகள ஏத்திக்கிட்டு? நம்மட பேத்திய ஏத்திக்கிட்டு?"

"இப்ப அப்பிடி இல்ல. ஊசி போடப் போட நல்லா வந்திட்டு. வாற கிழமை இதவிடச் சுகமாகும்."

நான் தரையில் உட்கார்ந்து அவருடைய வலது காலை இழுத்து மடியில் வைத்தேன். ஆத்திரமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. முக்காட்டுச் சீலை என் கைமேல் விழுந்திருந்தது. அதன் அடியில் அவருடைய பெருவிரலை இரண்டு நகத்துக்கும் நடுவில் வைத்துக் கிள்ளினேன். கத்தட்டும், என்னை ஏசட்டும் என்று நினைத்துத்தான் கிள்ளினேன்.

அவர் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவனப் பாரன், எப்பிடிக் கொழுத்திட்டான். இண்டைக்கு மீன் வெச்சியா?"

நான் இன்னும் அழுத்தினேன். நகம் தோலுக்குள் இறங்குவது என் விரலுக்குத் தெரிந்தது.

"ஏன் புள்ள அழுறாய்?" என்று குனிந்தார் அவர். "அதான் கால் சரியாகிட்டு எண்டு சொல்லுறனே."

நான் கையை எடுக்கவில்லை.