அண்ணன் காதுக்கு எட்டாத வலி

டோங்காவின் வடக்குத் தீவு ஒன்றில் நர்ஸ் வைமோவானா சிரித்தால் ஆஸ்பத்திரியிலிருந்து படகுத்துறை வரை கேட்கும். அந்த வாய்க்கு இன்னொரு பெருமையும் உண்டு. டாக்டர்களின் நோய்ப் பெயர்களைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தெரிந்துவைத்திருந்தாள். முன்னால் உடம்பின் ஓர் இடம், பின்னால் 'ஆல்ஜியா' என்றொரு வால். வால் வந்தால் வலி. வலை இழுத்து உடம்பு நோகிறவனிடம், "உனக்கு மையால்ஜியாடா, போய்ப் படு" என்பாள். அவனும் பட்டம் வாங்கினவன் மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

ஒருநாள் சாயங்காலம் ஒஃபீனா என்ற பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. அன்றைக்கு இருந்த ஒரே டாக்டர் லிசியாதே, அவளுடைய பெரியப்பா மகன். இங்கே அண்ணன் முன்னால் இடுப்புக்குக் கீழே உள்ளதைத் தங்கை வாய்விட்டுச் சொல்வதைப் போல மானக்கேடு வேறில்லை. அவனும் கேட்கக் கூடாது. டாக்டர் வாசலிலேயே நின்று, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கம்மா வலிக்குது?"

"நெஞ்சு எரியுதுண்ணா. விருந்துல பன்னிக்கறி அதிகமாத் தின்னுட்டேன்."

"வாயுதான். மருந்து குடுத்து அனுப்புங்கக்கா."

அனுப்புவதாவது! வைமோவானா திரையை இழுத்துவிட்டாள். "ஏண்டி, நெஞ்செரிச்சலுக்கு யாராவது அடிவயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருளுவாங்களா? உண்மையச் சொல்லு."

ஒஃபீனா அழுதுவிட்டாள். வலப்பக்கம் அடிவயிற்றில் மத்தியானத்திலிருந்து முறுக்கிப் பிழிகிறதாம். தொட்டதும் துடித்தாள். சினைப்பை திருகிக்கொண்டது என்றே வைமோவானாவுக்குப் பட்டது. வீட்டுக்கு அனுப்பினால் உயிருக்கே ஆபத்து.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. செத்தாலும் பரவால்ல."

"சாகறதுக்கா இங்க வந்த? சும்மா கெட."

அதட்டிவிட்டாளே தவிர, அண்ணன்காரன் காதில் அந்தச் சொல்லைப் போட அவளுக்கும் நாக்கு எழவில்லை. வாசலுக்கு வரும்போது அந்த 'ஆல்ஜியா' வால் நினைவுக்கு வந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"டாக்டர், நோயாளிக்கு ஊஃபரால்ஜியா. வலது பக்கம். திருகல்னு நினைக்கிறேன்."

லிசியாதேயின் முகம் வெளுத்தது. சினைப்பை வலி என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அந்தச் சொல்லில் தங்கை இல்லை, நோயாளி மட்டும்தான் இருந்தாள்.

"நோயாளிக்கு வாந்தி?"

"ரெண்டு தடவ."

"ஆபரேஷனுக்குத் தயார் பண்ணுங்கக்கா."

மயக்கம் கொடுத்தபின், வெட்ட வேண்டிய கையகல இடத்தைத் தவிர உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சைத் துணியால் மூடினாள் வைமோவானா. உள்ளே இருந்தவரை இருவரும் அந்த வால் வைத்த பாஷையிலேயே பேசிக்கொண்டார்கள். திருகல் பிரிந்தது, உயிர் தப்பியது. படித்த படிப்பைக் காட்டிக்கொள்ள இந்தச் சொற்களை எடுத்து வீசுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஒருத்தியின் மானத்தை மூட எடுத்தவள் இவள்தான். மகராசி, நன்றாக இருக்கட்டும்!

மறுநாள் கண்விழித்ததும் ஒஃபீனாவின் முதல் கேள்வி அதுதான்.

"அண்ணனுக்குத் தெரியுமாக்கா?"

"டாக்டருக்குத் தெரியும். உங்கண்ணனுக்குத் தெரியாது."

ஒஃபீனா வைமோவானாவின் கையை எட்டிப் பிடித்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.