தம்பி சொன்ன மார்க்

நான் அஞ்சாவது தாண்டாதவன். ஆனால் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே, உள்ளே எந்த நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். திருப்பூரில் அதற்கு எனக்கு ஜோடி கிடையாது. என் தம்பியின் காதுக்குள் கேட்ட சத்தம் மட்டும்தான் எனக்குப் பிடிபடவில்லை.

என் பனியன் கம்பெனியில்தான் கட்டிங் டேபிளில் நிற்பான். ஆளில்லாத பக்கம் திரும்பி, "சரிங்க, போயிடறனுங்க" என்பான். நாலைந்து பேர் திட்டுகிறார்களாம், செத்துப் போ என்கிறார்களாம். மாத்திரையில் மற்றதெல்லாம் அடங்கியது, குரல்கள் அடங்கவில்லை. அவனைத் தனியே விடாமல் ஊட்டில் மாறிமாறிக் காவல் இருந்தோம்.

கோயமுத்தூர் டாக்டர் ஒருவர், மாத்திரையோடு தலையில் காந்தச் சுருள் வைத்துப் பார்க்கலாம் என்றார். ஷாக் இல்லை, மயக்கமும் இல்லை. இடது காதுக்கு மேலே விநாடிக்கு ஒரு தட்டு, இருபது நிமிஷம். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாதாம்.

"டபுள் ஷிப்ட் போட்டுச் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றேன்.

"இது பனியன் இல்லீங்க" என்றார்.

தினமும் முடிந்ததும், குரலின் பலம் பத்துக்கு எத்தனை என்று தம்பியிடம் கேட்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒன்பது, ஆறு, நாலு, பிறகு இரண்டு. நான் கை வைத்தது எது தோற்றது என்று கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இந்த வாரத்தோடு நிறுத்தலாம் என்றார் டாக்டர். இனிக் காவல் வேண்டாம் என்றேன் நான்.

"ஏனுங்க, கொழுந்தனாரு காதுல வேஸ்ட் துணியத் திணிச்சுட்டுத்தான் சோறே திங்கறாரு. பாக்கலீங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டுன்னு சொன்னானே."

"உங்க முன்னால வேற என்ன சொல்லுவாரு? லாரில லோடு ஏறாமயே, உங்ககிட்ட ஏறிடுச்சுங்கன்னு சொல்றவங்கதான நம்ம கம்பெனில அத்தன பேரும்."

மறுநாள் வெட்கத்தை விட்டு அதை டாக்டரிடம் சொன்னேன். என்னை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். அன்றைய மார்க் எட்டு.

சிகிச்சைக்கு இன்னும் நாள் கூட்டினார். குரல்கள் ஒழிந்துபோகவில்லை. பக்கத்து ஊட்டு டி.வி. மாதிரி தள்ளிப் போயின, சில நாள் கிட்டே வந்தன.

ஒரு மத்தியானம் காரில் திரும்பும்போது, "எப்படிக் கண்ணு இருக்குது?" என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இன்னைக்குக் குறையலீங்கண்ணா."

அத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் 'இல்லை' என்று சொன்னது அன்றைக்குத்தான். நான் கம்பெனிக்குப் போகவில்லை. ஊட்டில் அவன் பக்கத்திலேயே இருந்தேன்.