விளையாடுவோருக்கு இலவசம்

இந்த நாட்டில் நடந்தால் காசில்லை, நின்றால் காசு. வந்து பதினேழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஊரில் வாகனத்தை நிறுத்துமுன் மேலே காகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்போம், அவ்வளவுதான். இங்கே பலகையைப் பார்க்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, என் கணவர் வேலை செய்யும் ஊரின் ஏரிக்கரையில், கசினோவின் வாகனத் தரிப்பிட வாசலில் ஒரு தடைக்கம்பு முளைத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் துண்டு வரும், கம்பு எழும்பும், வெளியே போகும்போது காசு கட்ட வேண்டும். இவர் பக்கத்திலிருந்த பலகையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வந்து, லெ பிளாங்-மெனில் என்ற பாரிஸ் புறநகரில் எங்கள் வீட்டுக் குசினியில் எனக்குக் காட்டினார். வருகையாளர்களுக்குக் கட்டணம், விளையாடுவோருக்கு இலவசம் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

"உள்ளை போய்த் துண்டை ஒருக்கா மெசினிலை குத்திக்கொண்டு வந்தால் காசில்லையாம்," என்றார் சிரித்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர் ஏரிக்கரை உணவகம் ஒன்றில் சமையல்காரர். மத்தியான வேலை மூன்று மணிக்கு முடியும், பின்னேர வேலை ஆறரைக்குத் தொடங்கும். நடுவில் வரும் இந்த வெறும் நேரத்துக்கு இங்கே 'கூப்பூர்' என்று பெயர். வீட்டுக்கு வந்து திரும்பினால் தெருவிலேயே பொழுது போய்விடும். அதனால் கசினோ வாசலில் காரை விட்டு, இருக்கையைச் சரித்துவிட்டுத் தூங்குவார். அந்தக் கசினோவுக்கு முன்னால் நாலு வருடம் இவர் தூங்கியிருக்கிறார், ஒரு நாளும் உள்ளே போகவில்லை. அதற்கு முந்திய இரண்டு வருடம் உள்ளேதான் இருந்தார்.

அந்தக் காலத்தை நினைக்கவே எனக்குப் பிடிப்பதில்லை. மாதக் கடைசியில் வந்து, "பத்ரோன் இன்னும் சம்பளம் போடேல்லை," என்று முதலாளியில் பழி போடுவார். மூன்றாவது மாதம் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாரிசில் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் சேலைக் கடையில் அரை நாள் லீவு கேட்டு, நேரே அந்த உணவகத்துக்குப் போய், எனக்குத் தெரிந்த நாற்பது பிரெஞ்சுச் சொற்களையும் வைத்து முதலாளியோடு சண்டை பிடித்தேன். மனுசன் கொஞ்ச நேரம் விளங்காமல் பார்த்தார். பிறகு வேலை கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நாளைக்கு வா என்றார். கடைசியில் விளங்கியதும், உள்ளே போய் மூன்று சம்பளத் துண்டுகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லாம் சரியாகப் போட்டிருந்தது. வெட்கத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அந்த மொழியில் வாய் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இவரை ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார், இனிக் கசினோ வாசல்படி மிதிப்பதில்லை என்று. எனக்கு அது போதும் என்றிருந்தது.

கடைக்கு வரும் பாண்டிச்சேரி மதாம் ஒருவர்தான் அப்போது இன்னொரு வழி சொன்னார். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், தாள் விஷயமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "உங்க வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்துட்டா போதும்மா, நாட்டுல எந்தக் கசினோவுலயும் உள்ள விடமாட்டாங்க. பேரு லிஸ்ட்ல ஏறிடும்," என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்:

"எழுதிக் குடுக்கட்டோ?"

நான்தான் வேண்டாம் என்றேன். அப்போது குடியுரிமைக்கு மனுப்போட ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தோம். சூதாடி என்று அரசாங்கத்துப் பட்டியலில் பெயர் ஏறினால் யார் எங்களைப் பிரெஞ்சுக்காரர் ஆக்குவார்கள் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால், என் பயம் அதற்கும் மூத்தது. எனக்குப் பதினொரு வயதில், எங்கள் ஊரைப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி வைத்து ஆமிக்காரர் பெயர் வாசித்தார்கள். வீட்டுக்கு வீடு நாங்களே எழுதிக் கொடுத்த பெயர்கள். எங்கள் வீட்டுத் தாளை அப்பா தன் முத்துப்போன்ற எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் மூன்றாவது பெயர் சின்னண்ணையுடையது. வாசித்ததும் எழும்பி, சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. பிறகு அப்பா பேனையே எடுத்ததில்லை. பெயரை எழுதிக் கொடுத்தால் காப்பாற்றுவார்கள் என்று சொல்கிற நாட்டை நான் எப்படி நம்புவது? கற்பூரத்தை நம்பினேன்.

தடைக்கம்பு வந்து இரண்டு கிழமையில், உடுப்புத் தோய்க்கும்போது இவருடைய சேர்ட் பொக்கற்றில் தரிப்பிடத் துண்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் கசினோவின் முத்திரை குத்தியிருந்தது. அன்று முழுக்க நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், நான் நம்பிவிடுவேன் என்று பயம். வியாழக்கிழமை கடை முதலாளியம்மாவிடம் தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு ரயிலேறினேன். நாலு மணி இருக்கும். எங்கள் கார் தரிப்பிடத்தில் நின்றது. பின்பக்கம் சரித்த இருக்கையில் தலையணை கிடந்தது. ஆளைக் காணவில்லை.

கசினோ வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பொடியன் நின்றான். விளையாடவா மதாம் என்று கேட்டான். இல்லை, பார்க்க என்றேன். அவன் மலர்ந்து, "காட்சி எட்டரைக்குத்தான் மதாம்," என்று ஆட்டக்காரிகளின் படம் போட்ட தாளொன்றைத் தந்தான். இல்லை, என் கணவர் என்றேன். இருவருக்கும் சேர்த்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கண்டதும் மரியாதையாக அடையாள அட்டையைக் கேட்டான். என் வதிவிட அட்டையை வாங்கி ஏதோ இயந்திரத்தில் வைத்தான், பச்சை வெளிச்சம் எரிந்தது. என் பெயர் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே அட்டையைத் திருப்பி வாங்கினேன். ஆனாலும் உள்ளே போனேன்.

யன்னலே இல்லாத மண்டபம். மூன்றாவது வரிசையில், ஒரு வயதான வெள்ளைக்காரிக்குப் பின்னால் இவர் நின்றார். இரண்டு கையும் பொக்கற்றுக்குள். அந்த அம்மாவின் இயந்திரத்தில் சுழலும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எங்கள் மகள் பிறந்த அன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் இவரில் கண்டதில்லை.

"இஞ்சருங்கோ," என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். கைகளை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார்.

"பிள்ளையார் அறிய நான் ஒண்டையும் தொடேல்லை."

"பின்னை ஏன் நிக்கிறியள்?"

"முதல் நாள் துண்டைக் குத்திப்போட்டு உடனை வெளியாலை வந்தனான். பிறகு அஞ்சு நிமிசம் நிண்டு பாத்தன். இண்டைக்கு ஒரு மணித்தியாலமாச்சு." குரல் இறங்கிப் போனது. "எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

கடலையும் நாலு நாட்டு எல்லையையும் களவாகத் தாண்டி வந்தவர் இவர். அந்தக் கதைகளில் ஒரு நாளும் பயம் என்ற சொல் வந்ததில்லை. அதைக் கேட்டபோது, என் பயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு வருடத்தை வீணாக்கிவிட்டேன் என்று விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மதாம் வீட்டுக்குப் போனோம். கணினியில் அவரே படிவத்தைத் திறந்து தந்தார். "பயப்படாதீங்கம்மா, இது வேற தொசியே. நாசியோனாலித்தேக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்று, குடியுரிமைக் கோப்பு வேறு இது வேறு என மூன்று தரம் சொன்னார். நான் மூன்று தரமும் தலையாட்டினேன், ஒரு தரமும் நம்பவில்லை. சில நாள் கழித்து, கூப்பூர் நேரத்தில், படிவம் போய்ச் சேர்ந்த அலுவலகத்துப் பெண்ணொருத்தி இவருக்குப் போன் எடுத்தாள். நானும் பக்கத்தில் காரில் இருந்தேன். யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். ஓம் என்றால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

"இல்லை மதாம்," என்றார் தன் குசினிப் பிரெஞ்சில். "மனைவிக்குப் பயம். எனக்கும் பயம்."

விளங்குகிறது மெசியூ என்று அவள் மெதுவாகச் சொன்னாள். குறைந்தது மூன்று வருடம், இடையில் மனம் மாறினாலும் பெயரை எடுக்க முடியாது என்றாள். சரி என்றார் இவர்.

இப்போது இவர் காரைத் தூரத்துத் தெருவொன்றில் விட்டுவிட்டு இருபது நிமிடம் நடக்கிறார். கூப்பூரில் உணவகத்துப் பின்னறையில் மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கிறார். நேற்று தபால்பெட்டியில் குடியரசின் பெயர் போட்ட கடிதம் கிடந்தது. படியில் இருந்தே உடைத்தேன். உங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று முதல் வரி. குடியுரிமைதான் என்று எண்ணிக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடுத்த வரியில், பிரான்சின் எந்தச் சூதாட்ட மண்டபத்துக்குள்ளும் மெசியூ நுழைய முடியாது என்று இருந்தது. உடனே இவருக்குப் போன் எடுத்தேன்.

"நாடு முழுக்கவோ?" என்றார்.

"ஓம், நாடு முழுக்க."

"அப்ப நல்லது," என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

எங்களிடம் முக்கியமான தாள்களுக்கு ஒரேயொரு பைல்தான் இருக்கிறது. எங்களை உள்ளே எடுங்கள் என்று கேட்ட குடியுரிமை மனுவின் பற்றுச்சீட்டு அதில் இருக்கிறது, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. இந்தக் கடிதத்தையும் அதற்கு மேலே வைத்தேன். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பிறந்த திகதி. பிறகு மனம் கேட்காமல், ஒன்றை மற்றது கண்டுவிடக் கூடாதென்று இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றுத்தாளை வைத்துப் பைலை மூடினேன்.