மச்சானின் இடது கால் கட்டைவிரல்

சாமைக் காட்டில் களை பிடுங்கும்போது என் மச்சானைச் சீண்டிவிட்டது நான்தான். மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். இந்தக் காடு முழுக்கக் குந்தியபடியே, ஒருமுறைகூட எழாமல் களை எடுக்க உங்களால் முடியாது, வயதாகிவிட்டது என்று சொன்னேன். நாற்பதைத் தொடாத மனிதரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? காலையில் குந்தியவர் பொழுது சாயும்வரை எழவில்லை. அக்கா கொண்டுவந்த களியையும் குந்தியபடியே தின்றார். நான் தண்ணீர் குடிக்கிறேன் என்று நாலு முறை எழுந்து போனேன்.

ஜெயித்தவர் எழுந்து நடந்தபோது இடது பாதம் தொங்கியது. மரத்துப்போயிருக்கும் என்று எல்லோரும் சிரித்தோம். மறுநாளும் அப்படியே இருந்தது. முன்பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டது, செருப்பு நிற்கவில்லை. தை பிறந்தால் மிளகுப் பறிப்பு. ஏணி போட்டு, மிளகுக்கொடி படர்ந்த மரத்தின் உச்சிவரை ஏறுவதில் எங்கள் மலையின் குண்டனி நாட்டில் அவருக்கு ஈடு கிடையாது. இந்தக் காலோடு எப்படி ஏறுவது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த ஏணியை மட்டும் அடிக்கடி பார்த்தார்.

பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் தானாகத் துள்ளியது. இதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை, முதுகுத்தண்டே பதில் சொல்லிவிடும் என்றார்.

“மூளையக் கேக்காமச் செய்யறது எங்க மச்சானுக்குப் பழக்கந்தானுங்க,” என்றேன்.

டாக்டரம்மா பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பிறகு விளக்கினார். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கு ஏறியதைச் சொல்கிறேன். பாதத்தைத் தூக்கு என்று மூளை போடும் உத்தரவு, கரண்ட் மாதிரி முதுகுத்தண்டில் இறங்கி, நரம்பு வழியாகக் காலுக்கு வருகிறது. தொட்டது, சுட்டது போன்ற சேதிகள் அதே நரம்பில் வேறு இழைகளில் மேலே போகின்றன. அந்த நரம்பு முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. நாள் முழுக்கக் குந்தினால் நசுங்கத்தானே செய்யும்? நல்லவேளையாக இழை அறுபடவில்லை. மேலுறை மட்டும் கெட்டிருக்கிறது, சேதி அங்கேயே நின்றுவிடுகிறது. உறையை உடம்பே திரும்பப் போட்டுக்கொள்ளும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குந்தக் கூடாது. தினமும் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் மேல்பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலையை டாக்டரம்மா என்னிடம் ஒப்படைத்தார். மச்சானைச் சீண்ட அரசாங்கமே ஆள் போட்ட மாதிரி எனக்கு ஒரே குஷி.

காலையானால் மச்சான் தன் கட்டைவிரலை முறைத்துப் பார்த்து, தூக்கு, தூக்கு என்று அதட்டுவார்.

“அக்காளே உங்க பேச்சக் கேட்டதில்லீங்க, வெரலு கேக்குமாக்கும்?” என்பேன். அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

ஒருநாள் இறகை வைக்காமலே, “இப்பத் தெரியுதுங்களா?” என்றேன்.

“தெரியுது மாப்ளே,” என்றார், கண்ணை மூடியபடி. முகமெல்லாம் சந்தோஷம்.

இறகு என் மடியில் கிடந்தது. கேலி செய்ய வாய் வரவில்லை. ஆசை முற்றினால் மூளையே சேதியைத் தயாரித்துக்கொள்ளும் போலிருக்கிறது. உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து இறகு விஷயத்தில் மட்டும் நான் யோக்கியன்.

ஆறாவது வாரம். எப்போது தொடுகிறேன் என்று சொல்லாமல், இறகை மெல்ல மேல்பாதத்தில் ஓட்டினேன்.

“டேய், கால்ல எறும்பு ஏறுது பாரு, தட்டியுடு,” என்றார்.

எறும்பே இல்லை. நான் தட்டிவிடாததால் கண்ணைத் திறந்தார். இறகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டு ஆட்களும் ஓடிவந்தார்கள். நாலைந்து நாளில் கட்டைவிரல் ஒரு மிளகு உயரம் எழும்பியது. வந்தவர் போனவருக்கெல்லாம் அதைத் தூக்கிக் காட்டினார். தபால் கொடுக்க வந்தவரும் பார்த்துவிட்டுத்தான் போக முடிந்தது.

தை மாதம், டாக்டரம்மா தலையாட்டிய பிறகு, மச்சான் ஏணியில் முதலில் இடது காலை வைத்தார். நான் அடியைப் பிடித்திருந்தேன். பாதம் படியில் பதிந்தது, மறுகால் ஏறியது. கிளைக்குள் மறைந்தபின் முதல் மிளகுக் கொத்து என் உச்சந்தலையில் விழுந்தது. கை தவறிவிட்டது என்றார். அடுத்த ஐந்து கொத்துகளும் அதே இடத்தில்தான் தவறின.