திருந்தாத அண்ணனும் என் சந்தாதாரர்களும்

வீடு வீடாக வாடகைப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலில் படிக்கப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, படித்ததைப் பேசத்தான் ஆள் இல்லை. சினிமா பார்த்துவிட்டு வந்தால் தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே சண்டை போட ஆள் கிடைக்கும். நாவலுக்கு? உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

போன வருஷம் ஒரு சின்ன நாவல் படித்தேன். கூடப் பிறந்த தங்கையிடம் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டே துரத்துகிறான் ஒருவன். கடைசிவரை திருந்தவே இல்லை. தங்கை எங்கே போனாள் என்றுகூடக் கேட்காமல், கடைசிப் பக்கத்தில் மீன்குழம்பு பிரமாதம் என்கிறான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது இதைப் பேசமாட்டோமா என்று ஏக்கமாக இருந்தது. ஸ்கூட்டர் பையில் அதையே மேலாக வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைசிப் பக்கம்

நாவலூர் அபார்ட்மெண்டில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வாரத்துக்கு இரண்டு நாவல் முடிப்பவள். இவள்தான் என் ஆள் என்று நம்பிக் கொடுத்தேன். மறுவாரம் கொடுத்த மேனிக்கே திரும்பி வந்தது. பிடிக்கவில்லையா என்றேன்.

"எண்டிங் மட்டும் ஃபர்ஸ்ட் பாத்தேன் அக்கா. அவன் திருந்தலை. ஆபீஸ்ல என் மேனேஜரும்தான் திருந்தலை. அதுக்குச் சம்பளமாவது தர்றாங்க."

பத்திரம்

செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது வரிசையாக வாடகை வீடுகள் கட்டி விட்டிருக்கிறார். ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டேன். அந்த அண்ணனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் சார் என்று கேட்டேன். நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"நல்ல பையனாச்சேம்மா. பத்திரம் அவன் பேர்லதானே கீது? அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுதுகினே கீது?"

தினம் நாலு பக்கம்

ஊரப்பாக்கத்தில் ஸ்டெல்லா, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். லேசான காதல் கதைகளாகத்தான் கேட்பாள். அன்று வேறு புத்தகம் கைவசம் இல்லாததால் இதைக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனால், இன்னும் முடியலைக்கா என்றாள். அதற்கடுத்த வாரமும் அதே பதில். பிரிக்காமலே ஃப்ரிட்ஜ் மேல் போட்டு வைத்திருப்பாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்றாம் வாரம் யூனிஃபார்மோடு வாசலில் நின்றாள். டியூட்டிக்குப் போக ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் புத்தகத்தைச் சட்டென்று கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"தினம் நாலு பக்கம்தான் படிச்சேன்கா. கடைசியில அண்ணன்காரன் வந்து மன்னிப்பு கேட்டுடுவானோன்னு பயமா இருந்துச்சு. கேக்கலை. அப்பாடான்னு ஆச்சு. எங்கண்ணன் இன்னும் கேக்கலைக்கா. கதையில இருக்கிறவன் மட்டும் கேட்டிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்."

வருஷம் முழுக்கப் பேச ஆள் தேடி அலைந்த நான், ஆள் கிடைத்த அன்று "ரயிலைப் பிடிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.