வீட்டுக்கு வராத ஊசி

ஆரிபாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்வேன். "உனக்கு மட்டும் என்ன ஜெயராணி, மூடியா போட்டிருக்குது?" என்று சிரிப்பாள். பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரே பஸ்ஸில் போய், ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள் நாங்கள். அவள் கதையை நான் சொல்லாவிட்டால் ஊர் தன் இஷ்டத்துக்குச் சொல்லும். ஏற்கனவே சொல்லிக்கொண்டும் இருக்கிறது.

எங்கள் வேலை வெள்ளெலிகளோடு. சிதம்பரத்துக்கு வெளியே ஒரு ஆராய்ச்சிக் கூடம். கக்குவான் இருமலுக்குப் புதிய தடுப்பூசி ஒன்றை உருவாக்கப் பல வருஷமாக அங்கே பாடுபடுகிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் ஊசி நன்றாகவே காப்பாற்றுகிறது. ஆனால் தொடை வீங்கும், காய்ச்சல் வரும். காய்ச்சல் அவ்வளவாக வராத ஊசி தனியாரில் காசுக்குக் கிடைக்கிறது. அதன் பலம் சீக்கிரம் குறைந்துவிடுகிறது என்கிறார்கள். காய்ச்சலைக் கிளப்புகிற பகுதியை மட்டும் அந்தக் கிருமியிலிருந்து நீக்கிவிட்டு, பலம் குறையாத ஊசியாகச் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் சாரின் ஆசை. நான் கூண்டு கழுவுகிறேன். ஆரிபா, ஊசி போட்ட எலிகளைத் தராசில் வைத்து எடை பார்ப்பாள். மருந்து கடுமையாக இருந்தால் எலி தேறாது. சாதுவாக இருந்தால் தின்று கொழுக்கும்.

ஆரிபா விலங்கியல் படித்தவள். கட்டிய புருஷன் துபாய் போய் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அதைப் பற்றி அந்த நீள வாய் ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கை நஜியாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். நஜியாவின் புருஷன் காசிமுக்கு குவைத்தில் வேலை. அவர்களுக்கு ரூமானா பிறந்ததிலிருந்து பஸ்ஸில் வேறு பேச்சே கிடையாது. பிள்ளை கொட்டாவி விட்டதைக்கூட எனக்குச் சொல்லியாக வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நாற்பது நாள் கழிந்து தாயும் பிள்ளையும் முதன்முதலில் வாசலைத் தாண்டியதே ஊசி போடத்தான். அன்று இரவு பிள்ளைக்குக் காய்ச்சல், தொடையில் வீக்கம். நஜியா பயந்து அழுதாள். காசிம் போனில் கத்தினான். மறுநாளே சரியாகிவிட்டது. பயம்தான் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கல்யாண விருந்து. அவர்கள் வழக்கப்படி ஒரு பெரிய சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டில் ஆரிபா, நஜியா, நான், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தப் பெண் பிள்ளைக்கு வந்த காய்ச்சலைப் பற்றிக் கேட்டாள். ஆரிபாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எங்க எலியெல்லாம் புது ஊசி குத்துனா குண்டாயிட்டே போவுது. பாத்துக்கிட்டே இரு, நம்ம ரூமானாவுக்குத்தான் மொத ஊசி!"

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பேச்சு அடுத்த சஹனுக்குப் போனது. அங்கிருந்து அடுத்ததற்கு. கைகழுவி எழுந்திருப்பதற்குள் பந்தல் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் நல்ல பொருள் என்றால் அது உறவுக்காரர் பெட்டியில்தான் வரும். தைலம் சிங்கப்பூரிலிருந்து, பால்பவுடர் குவைத்திலிருந்து. கடையில் அவசரப்பட்டு வாங்கிய பிறகு மச்சான் பெட்டியில் அதைவிட நல்லது வந்து இறங்கினால் ஏமாந்த மாதிரி ஆகிவிடும். அதனால் காத்திருப்பார்கள். ஊசிக்கும் அப்படியே காத்திருந்தார்கள். காசு கொடுத்துப் போடும் வசதி நஜியாவுக்கு இருந்தது. வீட்டிலேயே அதைச் செய்கிறவள் இருக்கும்போது எதற்கு என்று நினைத்துவிட்டாள். அடுத்த ஊசி என்னாச்சு என்று ஆரிபா கேட்கும்போதெல்லாம் "அடுத்த புதன் போறேன் லாத்தா" என்று அக்காவிடம் சொல்வாள். புதன்தான் ஊசி நாள். புதன்கள் ஒவ்வொன்றாகப் போயின.

பிறகு இருமல் வந்தது. முதலில் சாதாரணச் சளி. அப்புறம் மூச்சு விடாமல் தொடர் இருமல், முகம் சிவந்து, நீலம் பாய்ந்து, கடைசியில் ஒரு இழுப்பு. கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கக்குவான் என்றார் டாக்டர். அந்த நோயின் பெயரைத் தினமும் எலிக் கூண்டுகளில் எழுதி ஒட்டுகிறவள் ஆரிபா. நஜியா அவளைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நீதானே சொன்ன."

அதற்குப் பிறகு தங்கை பேசவில்லை. பேசியவன் காசிம். வீடியோ காலில் அழுதான்.

"லாத்தா, ஒங்க கால்ல உழுவுறேன். அந்த ஊசிய கொண்டாந்து போட்டுடுங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"மச்சான், அது எலிக்கு. மனுசனுக்கு இன்னும் போட்டதே இல்ல. நோய் வந்த பிறகு போட்டா கேக்கவும் கேக்காது."

"அப்ப மொத ஊசி ரூமானாவுக்குன்னு ஏன் சொன்னீங்க?"

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் வேலைக்கு வந்தாள். மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் சாவி அவளிடம்தான் இருக்கும். நான் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு போனபோது அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோதும் அப்படியே நின்றாள்.

"என்னாடி பண்ற?"

"கொண்டு போனா நான் கொலகாரி ஜெயராணி. கொண்டு போவலன்னா கல்நெஞ்சக்காரி. நான் எங்க போவ?"

சாவியை அவள் கையிலிருந்து வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்று எலிகளை எடை போட்டபோது அவள் கண்ணீர் தராசில் விழுந்து, இரண்டு முறை துடைத்துவிட்டுப் போட வேண்டியிருந்தது. எலிகள் நன்றாகத் தேறியிருந்தன. அதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக வந்தது.

ரூமானா பிழைத்துக்கொண்டது. மூக்கில் குழாய் வைத்து, பாதியாக இளைத்து, பிழைத்துக்கொண்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. தெருவில் இன்னும் எத்தனையோ கைக்குழந்தைகள் அதே புது ஊசிக்காகக் காத்திருந்தன. ஊசி போடும் நர்ஸ் மங்கலம் ஆரிபாவை ரோட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"புதன்கெழம ஈ ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்மா. நீ எலிக்கிட்ட பேசுறதோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

ஆரிபா வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். பழைய ஊசி நல்ல ஊசிதான், போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். பழைய ஊசியில் குறை இருக்கிறது என்பதால்தான் அவளுக்கு மாதச் சம்பளமே வருகிறது. அவள் வாயாலேயே இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒருத்தி கேட்டே விட்டாள்.

"ஒங்க ஊட்டுக்கு புதுசு, எங்களுக்கு மட்டும் பழசா?"

"எங்க ஊட்டுப் புள்ள ஊசி போடாம செத்துப் பொழச்சிது!" என்று ஆரிபா கத்தினாள். கதவு சாத்தப்பட்டது. அந்தத் தெருவில் அவள் பிறந்து வளர்ந்தவள். இப்போது உண்மை பேசினாலும் அங்கே எடுபடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அந்தக் கதவுகளை உடைக்கலாம் என்று எனக்குக் கை துடித்தது.

அடுத்த புதன் மங்கலம் அங்கன்வாடியில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். ஆரிபா லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றாள். பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து எதிரே நின்றார்கள். அப்போது நஜியா வந்தாள், தோளில் ரூமானாவோடு. இனி யாருக்கும் தொற்றாது, விட்டுப்போன ஊசியைப் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோளில் கிடந்தபடியே பிள்ளைக்கு ஒரு இருமல் வந்தது. எதிரே நின்றவர்கள் அந்த முகம் நிறம் மாறுவதை முதன்முறையாகப் பார்த்தார்கள், மூச்சு திரும்பும்போது வந்த சத்தத்தைக் கேட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

நஜியா நேராக ஆரிபாவிடம் வந்தாள். "ஒக்காரு. நீதான் புடிக்கணும்" என்று பிள்ளையை அவள் மடியில் போட்டாள்.

ஆரிபா தொடையைப் பிடித்துக்கொள்ள, மங்கலம் பழைய ஊசியைப் போட்டார். ரூமானா வீறிட்டது. எதிரே நின்றவர்களில் ஒருத்தி வரிசைக்கு வந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. கதவைச் சாத்தியவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றாள்.

சாயங்காலம் பார்க்கப் போனேன். ஆரிபாவின் போன் ஓயவில்லை. என் புள்ளைக்குக் கொதிக்குது, என் புள்ளைக்குக் கால் வீங்கிருக்குது என்று தெருவே கூப்பிட்டது. "நர்சம்மா குடுத்த காச்சல் சொட்டு மருந்த ஊத்துங்க, பால் குடுங்க, ஒண்ணும் பண்ணாது" என்று எல்லாருக்கும் பொறுமையாகச் சொன்னாள். ரூமானாவுக்கும் உடம்பு சுட்டது. நஜியா நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"லாத்தா, இதுக்கா பயந்தோம்?"

ஆரிபா தங்கையின் தோளில் சாய்ந்து கேவிக் கேவி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

போன வாரம் இன்னொரு கல்யாணம். எங்கள் எலிகள் இந்த முறையும் கொழுத்திருந்தன. சார் லட்டு வாங்கிக் கொடுத்தார், புது ஊசி ஒரு படி முன்னேறியிருக்கிறது. ஆரிபா அதை பஸ்ஸில் என்னிடம்கூட ரெண்டாவது தடவை சொல்லவில்லை. விருந்தில் எங்கள் சஹனில் வந்து உட்கார்ந்த வெளியூர்ப் பெண், "நீங்க என்ன வேல பாக்குறீங்க?" என்று அவளைக் கேட்டாள்.

"எலிக்குத் தீனி போடுறேன்" என்றாள் ஆரிபா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

அவள் மடியில் இருந்த ரூமானா எதற்கோ சிரித்தது. சிரிப்பு இருமலாக மாறியது. சோற்றுக்குப் போன எங்கள் நாலு பேர் கைகளும் அப்படியே நின்றன. பிள்ளைக்கு மூச்சு திரும்பிய பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தோம்.